திரும்பி வர டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்கும் தொழிலாளிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: இரண்டாம் தலைமுறை (திருப்பூர்), 7 செப்டம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் அப்பா 1994இல் தொடங்கிய சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தைக் கடந்த நான்கு ஆண்டுகளாக நான் நடத்திவருகிறேன். 86 பேர் வேலை செய்கிறார்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவை எங்கள் கட்டடத்திலேயே நடக்கின்றன. நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே கூலி கொடுத்துச் செய்து வாங்கும் ஜாப் ஒர்க். தைப்பது பெரும்பாலும் குழந்தைகள் ஆடை. ஆர்டரில் பத்துக்கு ஆறு பங்கு ஒரே ஓர் அமெரிக்க பையருடையது (சரக்கை வாங்கும் நிறுவனம்); மீதி ஐரோப்பாவுக்குப் போகிறது.

ஊர் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தியச் சரக்கின் மீது ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா விதித்த 25 சதவீதக் கூடுதல் வரி, ஆகஸ்ட் 27 முதல் 50 ஆகிவிட்டது. நம்மோடு அதே அலமாரிக்குப் போட்டியிடும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அது 20தான். எங்கள் பையர், தைத்துப் பெட்டியில் அடைத்து வைத்திருக்கும் சரக்குக்கு 20 சதவீதம் தள்ளுபடி கேட்கிறார்; வழக்கமாக இந்த நேரத்தில் உறுதியாகும் கோடைக்கால ஆர்டரைப் பற்றிக் கேட்டால் "பொறுத்திருங்கள்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வருவதில்லை. புதிய பணம் எதுவும் வராவிட்டாலும் ஒன்பது வாரம் ஓட்டலாம் என்பது என் கணக்கு.

நேற்று, சனிக்கிழமை, சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு ஆண்டுகளாக எங்களிடம் பிளாட்லாக் என்ற தையல் இயந்திரத்தை ஓட்டும் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்த பிறகும் நகராமல் நின்றார். தீபாவளியையும் சத் பூஜையையும் ஊரில் கழிக்கத் தன்பாத் ரயிலில் போகும் டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், நவம்பர் 14 அன்று திரும்புவதற்கான முன்பதிவு இம்மாதம் 15ஆம் தேதி திறப்பதாகவும் சொல்லிவிட்டு, "எடுக்கலாமா சார்?" என்று கேட்டார். "எடு, பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். எடு என்ற சொல்லுக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்லுக்கும் நடுவில் இருந்த ஓட்டையை அவர் கண்டுகொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இரவு முழுவதும் எனக்கு அதே நினைவுதான்.

"யாரையும் அனுப்ப மாட்டோம் என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடு, எதுவானாலும் பிறகு பார்ப்போம்" என்கிறார் அப்பா. எங்கள் மேற்பார்வையாளர் சொல்வது நேர் எதிர்: தீபாவளி வரை வாயே திறக்கக் கூடாது, போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும், பிறகு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேருக்கு மட்டும் போன் செய்தால் போதும். இது ஊரில் பலர் செய்வதுதான் என்பதும் எனக்குத் தெரியும். எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது, ஆளைக் குறைப்பதா நாளைக் குறைப்பதா, இவற்றில் எதை முதலில் செய்வது என்று இப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பழைய சாயக்காரன் (திருப்பூர்), 7 செப்டம்பர்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 2011 நினைவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்ட வழக்கில், திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. அவற்றுள் என்னுடையதும் ஒன்று. அப்போது நீதிமன்றத்தைத் திட்டாத ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்ற தண்ணீரின் நிறத்தைப் பார்த்த விவசாயிகள் எங்களை எவ்வளவு காலமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை யோசிக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அது வேறு கதை. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என்னிடம் 34 பேர் இருந்தார்கள். மூடிய அன்று அவர்களைக் கூட்டி, "அடுத்த வாரம் திறந்துவிடும்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சங்கத்தில் பேசிக்கொண்டதை நம்பித்தான் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த வாரமும் அதையேதான். நான்காவது முறை சொன்னபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், என் டையிங் மாஸ்டர் பதினோரு ஆண்டுகளாகத் தம் டிபன் கேரியரை மாட்டும் ஆணி காலியாக இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நிறம் பிடிப்பதில் அவருக்கு இணையாக இன்னொருவர் எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தபோது, ஏன் அப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். "மூன்று மாதம் ஆகும், அதுவரை இவ்வளவுதான் தர முடியும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நகையை வைத்தாவது இருந்திருப்பேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றீர்களா, எனக்கு எதையும் திட்டமிட முடியவில்லை" என்றார்.

உங்கள் மேற்பார்வையாளர் சொல்லும் வழியில் இந்த ஆபத்துத்தான் இருக்கிறது. தொழிலாளி உங்களிடம் கேட்டது டிக்கெட்டைப் பற்றி. அவருக்குத் தேவைப்படுவது ஒரு தேதி. வேலை உண்டா இல்லையா என்று இன்று உங்களுக்கே தெரியாது. ஆனால் அது உங்களுக்கு என்றைக்குத் தெரியும் என்பதை நீங்கள் சொல்ல முடியும். அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அந்த நாள் வந்ததும், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் எதிரில் போய் நில்லுங்கள்.

பதில்: பேரேடு (கோயம்புத்தூர்), 8 செப்டம்பர்

நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். தொழிலாளரிடம் என்ன பேசுவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஒன்பது வாரம் என்றீர்களே, அதில் தீபாவளி போனஸ் சேர்ந்திருக்கிறதா? இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. இன்று தொடங்கி எண்ணினால் போனஸ் கொடுக்கும் வாரம் ஆறாவது வாரமாக வருகிறது. குறைந்தபட்சமான 8.33 சதவீதம் என்பதே ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கென்றால் உங்கள் கையில் இருப்பது ஒன்பது வாரம் ஆகாது.

ஒரு பெரிய தாளை எடுத்து, பதின்மூன்று வாரங்களுக்குப் பதின்மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரம் உண்மையாகவே கைக்கு வரக்கூடிய பணத்தையும், கட்டாயம் வெளியே போக வேண்டிய பணத்தையும் எழுதுங்கள். டிராபேக் (ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி), ஜிஎஸ்டி ரீஃபண்டு ஆகியவற்றை வர வேண்டிய தேதியில் எழுதாமல், சென்ற ஆண்டு உண்மையில் எத்தனை நாள் கழித்து வந்தன என்று பார்த்து எழுதுங்கள். சனிக்கிழமைச் சம்பளம், மின்கட்டணம், வட்டி, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் அதனதன் வாரத்தில் உட்காரட்டும். ஜாப் ஒர்க் செய்தவர்களுக்கு இழுத்தடிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அவர்கள் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களாக இருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிய பாக்கி ஆண்டு முடிவிலும் நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. அதைவிட முக்கியமாக, உங்கள் டையிங்காரருக்கும் இதே சனிக்கிழமை உண்டு.

எந்தக் கட்டத்தில் பணம் முடிகிறதோ அதற்கு நான்கைந்து வாரம் முன்பே வங்கிக்குப் போங்கள். தவணை 90 நாள் தவறிய பிறகு போகிறவருக்கும் தவறுவதற்கு முன்பே தாளோடு போகிறவருக்கும் மேலாளர் ஒரே நாற்காலியைத்தான் காட்டுவார், ஆனால் பேச்சு வேறாக இருக்கும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கணக்கு கெடுவதற்கு முன்பே நிறுவனமே முன்வந்து சீரமைப்புக் கேட்க 2016ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறை இடம் தருகிறது. அதை எழுத்தில் கேளுங்கள்.

ஆளைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா என்று கேட்டீர்கள். 86 பேர் என்பதால் அரசின் முன் அனுமதி தேவைப்படாது. ஆனால் ஓராண்டு முடித்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், ஐந்து ஆண்டைத் தாண்டியவர் என்றால் பணிக்கொடை வேறு. உங்கள் பிளாட்லாக்காரரையே எடுத்துக்கொண்டால், நோட்டீஸ் ஒரு மாதம், இழப்பீடு மூன்று மாதம், பணிக்கொடை ஏறக்குறைய மூன்றரை மாதம். கூட்டினால் ஏழரை. (ஏழரையில் போய் நிற்பதற்கு நான் பொறுப்பல்ல.) முறைப்படி செய்தால், பழைய ஆளை அனுப்புவதில் இந்தப் பதின்மூன்று வாரத்துக்குள் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. முறைப்படி செய்யாமல் போனில் கூப்பிடாமலேயே விட்டுவிடுவதுதான் உங்கள் மேற்பார்வையாளரின் திட்டம் என்றால், அதற்குத் தணிக்கையாளனாக நான் துணை நிற்க முடியாது.

நாளைக் குறைத்து, வேலை இல்லாத நாளுக்குச் சட்டப்படி அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை லே-ஆஃப் இழப்பீடாகக் கொடுப்பது உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். இஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்து, மற்ற நாட்களுக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால், 26 வாரத்துக்குச் சரியாக 78 வரும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலே தொழிலாளி அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். பிறகு உண்மையாகவே நோய் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக, உங்கள் அப்பாவின் மனதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நம் தொழிலிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை இருந்தது. குளிருக்கு அணியும் பின்னல் துணியில் பெயர் பெற்றது. 1995 டிசம்பர் 11 இரவு அது எரிந்தது. முதலாளி ஆரோன் ஃபாயர்ஸ்டீன் அப்போது எழுபது வயதானவர். காப்பீட்டுப் பணத்தோடு ஒதுங்கிக்கொள்ளாமல், ஆலையை அதே ஊரில் திரும்பக் கட்டுவதாகவும், வேலையிழந்து நிற்பவர்களுக்குச் சில வாரங்கள் சம்பளம் தொடரும் என்றும் அறிவித்தார். ஒவ்வொரு முறையும் அதை நீட்டிக் கொடுத்தார். நாடே கொண்டாடியது. ஆனால் புதிய ஆலைக்காக வாங்கிய கடனும், தீக்குப் பிறகு விட்டுப்போன வாடிக்கையாளர்களும், மலிவான போட்டித் துணியும் சேர்ந்து, 2001 நவம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்க வேண்டி வந்தது; நிர்வாகம் அவர் கையை விட்டுப் போயிற்று. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சம்பளத்தைக் காலவரையோடு அறிவித்ததால் அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடிந்தது. அவரைச் சாய்த்தது அதன் பிறகு வாங்கிய கடன்.

பதில்: ஆட்கள் பிரிவு (திருப்பூர்), 8 செப்டம்பர்

பதினெட்டு ஆண்டுகளாக இவ்வூர் நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பெரியவர் சொன்னதில் ஒரு பாதிக்கு உடன்படுகிறேன்; மறுபாதியில் எனக்கு ஐயம் உண்டு. 2011இல் மூடியது எல்லாருக்கும் மூடியது. சாய வேலை தெரிந்தவருக்குப் பக்கத்துத் தெருவில் வேலை இல்லை. இப்போது அப்படியல்ல. உள்நாட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தீபாவளி வரை கை நிறைய வேலை இருக்கிறது; உள்நாட்டுத் துணி வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் போய்ப் பாருங்கள். நாளைக் குறைக்கப்போகிறோம் என்று நீங்கள் சனிக்கிழமை அறிவித்தால், எந்த லைனிலும் உட்காரக்கூடிய கைத்தேர்ந்த தையற்காரர்கள்தான் திங்கட்கிழமை முதலில் வேறு இடம் போவார்கள். போக இடமில்லாதவர்கள் உங்களுடன் இருப்பார்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் சொல்வது நேர்மையாகத் தெரியலாம். அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. பொதுவில் பேசுவதற்கு முதல் நாள், லைன் மேற்பார்வையாளர்களையும், அவர்கள் போனால் லைன் நின்றுவிடும் என்ற நிலையில் உள்ள எட்டுப் பத்துப் பேரையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள். கூட்டத்தில் பேசப்போவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் அதையே சொல்ல நம்பகமான ஆட்களை முன்பே பிடியுங்கள். நீங்கள் தமிழில் அரை மணி நேரம் உருகிப் பேசியதை யாரோ ஒருவர் "கம்பெனி பந்த்" (கம்பெனி மூடல்) என்று இரண்டே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டால் எல்லாம் போயிற்று. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா சொல்லும் வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். டொயோட்டா இன்று இருக்கும் இருப்பைப் பார்ப்பவர்கள், 1949இல் அது சம்பளம் கொடுக்கவே திணறியது என்பதை நம்ப மாட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் தொழிற்சங்கம் பத்து சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டது. பதிலுக்கு ஆட்குறைப்பு இருக்காது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. நான்கு மாதத்துக்குள் அந்த எழுத்து பொய்யானது. 1,600 பேர் விலக வேண்டும் என்று நிர்வாகம் சொல்ல, வேலைநிறுத்தம் இரண்டு மாதம் இழுத்தது. முடிவில் ஏறக்குறைய 2,000 பேர் வெளியேறினார்கள். வாக்குக் கொடுத்த தலைவர் கீச்சிரோ டொயோடா 1950 ஜூனில் தாமே பதவி விலகினார். அதே மாதக் கடைசியில் கொரியப் போர் மூண்டு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் குவிந்தன. சில வாரம் முன்பு வந்திருந்தால் அந்த வாக்கு நின்றிருக்கும். வாக்குறுதி நிற்பதும் விழுவதும் கொடுத்தவர் கையில் இல்லாத ஒன்றைப் பொறுத்திருந்தது என்பதுதான் அதில் இருந்த கோளாறு. உங்கள் விஷயத்தில் அது வாஷிங்டனில் இருக்கிறது.

பதில்: பழைய சாயக்காரன், 8 செப்டம்பர்

பத்துப் பேரைத் தனியாக அழைத்துப் பேசினால், நான்கு மணி டீக்குப் பேக்கரியில் அந்தப் பத்துப் பேரும் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? மீதி 76 பேருக்கும் அங்கேயே தெரிந்துவிடும். அதுவும் தங்களை அழைக்கவில்லை என்ற கோபத்தோடு தெரியும். மேற்பார்வையாளர்களிடம் முன்பே சொல்வது சரி, அவர்களிடம்தான் எல்லோரும் கேட்பார்கள். மற்றவர்களைப் பிரிக்க வேண்டாம். போகிறவர்கள் போகட்டும். வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றால் அது அவர்களுக்கு நல்லதுதானே.

பதில்: வன்னித் தையல் (வவுனியா), 9 செப்டம்பர்

வணக்கம் நண்பரே. இலங்கையில் வவுனியாப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தி முகாமையாளராக இருந்தவன் நான். உங்களைவிட எங்களுக்கு வரி குறைவு என்று எழுதியிருந்தீர்கள். ஏப்ரலில் எங்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்தபோது இங்கே எவருக்கும் நித்திரை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் எழுத வந்தது 2022ஐப் பற்றி.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற நிலை வந்தது. எங்களிடம் ஓடர் இருந்தது, துணி இருந்தது, வேலை செய்யப் பிள்ளைகளும் (தொழிலாளர்களை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) இருந்தார்கள்; அவர்களைக் கிராமங்களிலிருந்து ஏற்றி வரும் பேருந்துகளுக்கு டீசல் இல்லை. உங்களுக்கு வந்திருப்பதற்கு நேர்மாறான பிரச்சினை, ஆனால் மனிதரை நடத்துவதில் வேறுபாடு பெரிதாக இல்லை.

ஒருநாள் மாலை, அடுத்த நாள் பேருந்து வரும் என்று நான்தான் செய்தி அனுப்பினேன். டீசல் தருவதாகச் சொன்னவர் இரவு கைவிட்டுவிட்டார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடியற்காலை ஐந்தரைக்கே நாற்பது பிள்ளைகள் ஒரு சந்தியில் வந்து நின்று, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, கையில் கட்டிய சோற்றுப் பொதியோடு நடந்து திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. மறுநாள் அவர்கள் எவரும் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு என் செய்தியை மட்டும் நம்பி ஒருவரும் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பேருந்தைக் கண்ணால் கண்ட பின்புதான் இறங்கினார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் வீணாயிற்று.

பிறகு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு என் குரலில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போகும். பேருந்து உண்டு, அல்லது இல்லை, அல்லது எனக்கு இன்னும் தெரியாது, ஒன்பது மணிக்குச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கும் தெரியாவிட்டால் அன்றைக்கு இல்லை என்றே முடிவு. பின்னர் டீசல் கிடைத்தாலும் அதை மாற்ற மாட்டோம். இந்தக் கடைசி விதிக்கு மேலிடத்தில் எனக்கு ஏச்சு விழுந்தது, டீசல் இருந்தும் இரண்டு நாள் உற்பத்தியை இழந்தோம் என்று. ஆனால் மூன்றாம் கிழமை (வாரம்) தொடங்கியபோது பிள்ளைகள் மறுபடியும் செய்தியை நம்பி ஐந்தரைக்கு இறங்கினார்கள். பெரியவர் தேதி சொல்லச் சொன்னார். தேதியோடு நேரத்தையும் சொல்லுங்கள், எவருடைய வாயால் வரும் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: இரண்டாம் தலைமுறை, 17 செப்டம்பர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பேரேடு ஐயா கேட்ட கேள்விக்கு வெட்கத்தோடு பதில் சொல்கிறேன்: போனஸைச் சேர்க்கவில்லை. சேர்த்ததும் ஒன்பது வாரம் ஆறரை ஆயிற்று, அதாவது தீபாவளியோடு கை காலி. அப்பாவின் முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அவருக்கும் எனக்குமான மாதப் பணத்தின் கட்டங்களைத் தம் கையாலேயே அடித்தார். அதன் பிறகு வாக்குறுதியைப் பற்றி அவர் பேசவில்லை. பையரிடம் பேசி, பெட்டியில் இருக்கும் சரக்குக்கு மட்டும் 9 சதவீதம் விட்டுக்கொடுத்தேன். புதிதாகத் தைப்பதற்குத் தள்ளுபடி எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனுடனான வணிக ஒப்பந்தம் ஜூலையில் கையெழுத்தாகியிருந்தாலும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதால் அதைத் தாளில் சேர்க்கவில்லை. வங்கி மேலாளர் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் என்ன செய்வார் என்று இன்னும் சொல்லவில்லை.

13ஆம் தேதி மதியம் மேற்பார்வையாளர்களிடமும், மாலை சம்பளம் கொடுப்பதற்கு முன் எல்லோரிடமும் பேசினேன். 22ஆம் தேதி முதல் வாரம் நான்கு நாள் வேலை, மற்ற இரண்டு நாளுக்குப் பாதி இழப்பீடு, ஒன்றரை ஷிப்ட் (கூடுதல் நேர வேலை) இனி இல்லை என்றேன். போனஸில் பாதி அக்டோபர் 15 அன்றும், மறுபாதி நவம்பர் 29 அன்றும் வரும். கோடை ஆர்டர் உண்டா இல்லையா என்பது அக்டோபர் 25க்குள் எனக்குத் தெரிந்துவிடும்; அன்று மாலை ஆறு மணிக்கு, ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, என் குரலில் செய்தி வரும். எவ்வளவு பேருக்கு வேலை இருக்கும் என்று இன்று எனக்குத் தெரியாது என்பதையும் அப்படியே சொன்னேன். அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. இந்தியில் சொன்னவருக்கு அந்தச் சிக்கல் இல்லாததால் அவர் தெளிவாகவே சொன்னார்.

யாரும் கத்தவில்லை. ஒடிசாத் தொழிலாளர்கள் கேட்ட ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: வேலை இல்லாத இரண்டு நாளுக்கும் விடுதிச் சாப்பாட்டுப் பணம் பிடிப்பீர்களா? வங்கி, பையர், சட்டம் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு இது தோன்றவேயில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்; திங்கட்கிழமை காலை, பிடிக்க மாட்டோம் என்று சொன்னேன்.

ஆட்கள் பிரிவு நண்பர் எச்சரித்ததும் நடந்தது. மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்களில் இருவர் எங்கள் லைனின் மிகச் சிறந்த கைகள். ஆனால் சனிக்கிழமை இரவே வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். ஆர்டர் வந்தால் கூப்பிடுங்கள் என்று ஒருவர் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

பிளாட்லாக்காரரிடம் தனியாகப் பேசினேன். டிக்கெட் எடுங்கள், 25ஆம் தேதி நான் வேலை இல்லை என்று சொல்லும்படி ஆனால் டிக்கெட் ரத்துக் கட்டணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, தம் அறையில் இன்னும் நான்கு பேர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். 15ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ஐந்து பேருமாக உட்கார்ந்து முன்பதிவு செய்திருக்கிறார்கள். மூவருக்கு இடம் கிடைத்துவிட்டது. அவருக்கு இப்போதைக்கு வெயிட்டிங் லிஸ்ட் 43.